அடைபட்ட ஊரும் அனுப்பப்படும் ஆளும்: சேலம் வட்டாரத்தை முன்வைத்துத் தமிழ் முற்றுகைக் கதைகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கொடிய உயிர்களால் சூழப்பட்டு ஓரிடத்தில் அடைபட்டுக் கிடக்கும் ஊராரின் கதையைக் கூறும் திகில் திரைப்படம், மேலைநாட்டிலிருந்து அண்மையில் தமிழுக்கு வந்த வடிவம் என்று கருதப்படுவது வழக்கம். படமாக்கும் முறையைப் பொறுத்தவரை இக்கருத்து பொருந்தும். ஆனால் அடைபட்ட ஊர் என்னும் கதைக்கரு தமிழ்ச் சூழலில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பாரதக் கதையில் வரும் பகன், பழைய சேலம் மாவட்டத்தின் ஆட்கொல்லி விலங்குகள், கொள்ளைநோய்க் கால வழக்கங்கள், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் பங்கேற்ற 'காடு' (1952), சக்தி சௌந்தர் ராஜனின் 'மிருதன்' (2016) ஆகியவற்றை இக்கட்டுரை வரிசையில் வைத்து ஆராய்கிறது. இவ்வகைக் கதைகளில் அச்சத்தின் மையம் வெளியே நிற்கும் அரக்கன் அன்று, ஊருக்காக வெளியே அனுப்பப்படுபவர் யார் என்னும் கேள்வியே என்பதும், அக்கேள்விக்கான விடை காலந்தோறும் மாறிவந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: முற்றுகைக் கதை, பகன், கூத்து, ஆட்கொல்லி விலங்கு, மாடர்ன் தியேட்டர்ஸ், 'காடு', 'மிருதன்', திகில் திரைப்படம்.

முன்னுரை

ஓர் ஊரோ, கடையோ, வீடோ கொடிய உயிர்களால் சூழப்படுகிறது. உள்ளே இருப்பவர்கள் முன்பின் அறியாதவர்களாயினும் ஒன்றாக வாழ நேர்கிறது. வெளியே போனால் சாவு. உள்ளேயோ உணவு குறைகிறது, நம்பிக்கை தளர்கிறது, பூசல் எழுகிறது. உலகத் திகில் திரைப்படத்தில் இந்த அமைப்பு ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளது. ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) கடலோரச் சிற்றூர் ஒன்றைப் பறவைகளால் முற்றுகையிட்டது. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) பண்ணை வீடு ஒன்றில் சிலரை அடைத்து, நடைப்பிணங்களை வெளியே நிறுத்தியது. ஸ்டீபன் கிங் 1980இல் வெளியிட்ட குறுநாவலைத் தழுவி பிராங்க் டாரபான்ட் இயக்கிய 'தி மிஸ்ட்' (2007), மூடுபனிக்குள் மறைந்து வரும் உயிர்களுக்கு அஞ்சிப் பல்பொருள் அங்காடி ஒன்றில் அடைபட்ட ஊராரைக் காட்டியது.

இவற்றுள் 'தி மிஸ்ட்' இக்கட்டுரைக்கு ஒரு தொடக்கப்புள்ளியைத் தருகிறது. அப்படத்தில் பெருந்திகிலை விளைவிப்பது பனிக்குள் இருக்கும் உயிர்கள் மட்டுமல்ல. அங்காடிக்குள் இருக்கும் கூட்டம் மெல்ல மெல்ல ஒரு சமயவெறி கொண்ட பெண்ணின் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது. இளம் படைவீரன் ஒருவனைக் குத்தி, பலியாக வெளியே தள்ளுகிறது. அடுத்து ஒரு சிறுவனைக் கேட்கிறது. 'நம்முள் யாரைக் கொடுத்தால் மற்றவர் பிழைப்போம்?' என்னும் கேள்வி எழுந்தவுடன் ஊர் தன் இயல்பை இழக்கிறது.

இக்கேள்வி தமிழ் வாசகருக்கும் பார்வையாளருக்கும் புதியதன்று. அதன் தடங்களைச் சேலம், நாமக்கல் சமவெளியையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் முதன்மைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை தேடுகிறது. இவ்வட்டாரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணங்கள் உண்டு. கூத்து மரபு இன்றும் வாழும் நிலம் இது. காடும் ஊரும் அடுத்தடுத்து அமைந்த பழைய சேலம் மாவட்டம் ஆட்கொல்லி விலங்குகளைப் பற்றிய எழுத்துகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. தென்னிந்தியாவின் பெரிய படப்பிடிப்பு நிலையங்களுள் ஒன்று சேலத்தில் இயங்கியது. அங்கிருந்தே அரக்க விலங்குகளைப் பற்றிய ஒரு படம் உலகச் சந்தைக்குச் சென்றது.

ஊர், காவல், முறை: பகன் கதை

வியாச பாரதத்தின் ஆதிபருவத்தில் இடம்பெறும் பகன் கதை அடைபட்ட ஊரின் முழு இலக்கணத்தையும் கொண்டுள்ளது. அரக்கு மாளிகையிலிருந்து தப்பிய பாண்டவர் ஏகசக்கரம் என்னும் ஊரில் ஓர் அந்தணர் வீட்டில் மறைந்து வாழ்கின்றனர். அவ்வூரை அடுத்த காட்டில் பகன் என்னும் அரக்கன் இருக்கிறான். அவனுக்கு ஒரு வண்டிச் சோறும், இரண்டு எருமைகளும், அவற்றைக் கொண்டுசெல்லும் ஓர் ஆளும் உணவாக அனுப்பப்பட வேண்டும். வீட்டுக்கு வீடு முறை வரும். தப்ப முயல்வோரைக் குடும்பத்தோடு அரக்கன் அழிப்பான்.

இக்கதையில் மூன்று கூறுகள் வரலாற்று நோக்கில் கவனத்திற்கு உரியவை. முதலாவது, பகன் வெறும் பகைவன் அல்லன். பிற பகைவரிடமிருந்தும் பிற உயிர்களிடமிருந்தும் அந்நாட்டைக் காப்பவனாகவும் அவன் கூறப்படுகிறான். அனுப்பப்படும் ஆளும் சோறும் அக்காவலுக்கான கூலி. அரசன் வலிமையற்றவன் என்பதால் ஊர் அரக்கனோடு உடன்படிக்கை செய்துகொண்டு வாழ்கிறது. முற்றுகை இங்கே ஒருநாள் நிகழ்வன்று, பல்லாண்டு நீடிக்கும் ஆட்சிமுறை.

இரண்டாவது, 'முறை' என்பது எல்லார்க்கும் சமமானது போலத் தோன்றினாலும் அவ்வாறு இல்லை. தன் வீட்டுக்கு முறை வந்தபோது புலம்பும் அந்தணர், வேறோர் ஆளை விலைக்கு வாங்கி அனுப்பத் தம்மிடம் பொருள் இல்லை என்று கூறுகிறார். ஆகவே பொருள் உள்ளவர் தமக்கு மாற்றாக ஏழை ஒருவரை வாங்கி அனுப்பும் வழி அவ்வூரில் அறியப்பட்டிருந்தது. கதையின் போக்கில் ஒரு வாக்கியமாகக் கடந்துபோகும் இச்செய்தி, முறை என்னும் நீதிக்குள் ஒளிந்திருக்கும் அநீதியை வெளிப்படுத்துகிறது.

மூன்றாவது, முற்றுகை வீட்டுக்குள் நுழையும்போது குடும்பம் என்ன ஆகிறது என்பதைக் கதை நின்று காட்டுகிறது. கணவர், மனைவி, மகள் ஆகிய மூவரும் தாமே போவதாக வாதிடுகின்றனர். ஒவ்வொருவர் வாதத்திலும் அன்போடு அச்சமும், உறவின் கணக்கும் கலந்துள்ளன. பேச்சே திருந்தாத சிறுவன் ஒரு புல்லை எடுத்து அரக்கனைக் கொல்வதாகக் கூறுகிறான். அழுகையைக் கேட்டு உள்ளே வரும் குந்தி தன் மகன் வீமனை அனுப்ப முன்வருகிறாள். விருந்தினரின் உயிரைக் கொடுத்துத் தம் உயிரைக் காத்துக்கொள்ள அந்தணர் முதலில் மறுக்கிறார். வீமன் பகனைக் கொன்றபின் உடலை ஊர்வாயிலில் போட்டுவிட்டு மறைகிறான். தம்மை மீட்டவர் யார் என்பதை ஊரார் இறுதிவரை அறிவதில்லை.

தமிழில் இக்கதையை வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் வேத்திரகீயச் சருக்கமாகப் பாடியுள்ளார். ஏட்டு மரபினும் நிகழ்த்து மரபே இதனை ஊராரிடம் உயிர்ப்போடு வைத்திருந்தது. வடதமிழகத்தில் திரௌபதியம்மன் விழாக்களில் நிகழும் கூத்தில் பகாசுரன் வதம் இன்றியமையாத ஒரு பகுதி. வீமன் வேடமிட்டவர் சோற்று வண்டியோடு தெருக்களில் வலம்வருவதும், உண்பதும் ஊர்ப் பொது நிகழ்ச்சியாக அமையும் வழக்கம் உண்டு. அந்நேரத்தில் பார்வையாளர் பார்வையாளராக மட்டும் இருப்பதில்லை. வண்டி கடக்கும் தெரு ஏகசக்கரத்தின் தெருவாகிறது. வீட்டு வாயிலில் நிற்பவர், முறை வந்த வீட்டுக்காரரின் இடத்தில் நிற்கிறார். திரையரங்கு தோன்றுவதற்கு முன்பே, அடைபட்ட ஊரின் அச்சத்தை ஊர் முழுவதும் கூடி உணரும் வடிவம் இருந்தது என்பதற்கு இது சான்று.

மலையில் தங்கும் அச்சம்

பகன் கதையோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க மற்றொரு மரபு இதே வட்டாரத்தில் உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைச் சார்ந்த கொல்லிப்பாவையை நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைநூல்கள் குறிப்பிடுகின்றன. அழகால் ஈர்த்து அழிக்கும் அணங்காகப் பின்னாளைய மரபு அதனை விளக்குகிறது. இங்கே அச்சம் ஓரிடத்தோடு பிணைந்தது. மலைக்குள் நுழைபவரே அதற்கு ஆளாவார். நுழையாதவருக்குத் தீங்கில்லை. பாவை ஊருக்குள் இறங்கி வருவதில்லை.

சேலம் நகரின் நில அமைப்பும் இதனோடு இயைவது. வடக்கில் சேர்வராயன், நகரமலை, தெற்கில் ஜருகுமலை, மேற்கில் கஞ்சமலை, கிழக்கில் கோதுமலை என மலைகள் சூழ்ந்த சமவெளியில் நகரம் அமைந்துள்ளது. நெசவாளர் மிகுந்த அம்மாபேட்டை போன்ற பகுதிகளிலிருந்து எத்திசை நோக்கினும் மலையே கண்ணுக்குப் படும். மலை அணங்குடைய இடம், சமவெளி மக்கள் வாழும் இடம் என்னும் பிரிவு காட்சியிலேயே அமைந்துவிட்ட நிலம் இது. இப்பிரிவு உடையும்போது, அதாவது மலைக்குரியது சமவெளிக்கு இறங்கும்போது, அணங்குக் கதை முற்றுகைக் கதையாக மாறுகிறது.

கதவடைத்த ஊர்கள்: பழைய சேலம் மாவட்டத்தின் ஆட்கொல்லிகள்

இந்தப் பிரிவு கதையில் மட்டுமன்றி வாழ்விலும் உடைந்தது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிக்கப்படும்வரை சேலம் மாவட்டம் வடக்கே ஓசூர், தளி, ஜவளகிரிக் காடுகள்வரை பரவியிருந்தது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) இக்காடுகளைக் களமாகக் கொண்டு பல வேட்டைக் கட்டுரைகளை எழுதினார். 1954இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் ஜவளகிரியின் புலியும், இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள கும்ளாபுரத்தின் சிறுத்தையும் இடம்பெறுகின்றன.

கும்ளாபுரச் சிறுத்தை நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதாக ஆண்டர்சன் கூறுகிறார். வேட்டை எழுத்து தன்னைத்தானே புகழும் இயல்புடையது. ஆகவே அவர் கூறும் எண்ணிக்கைகளையும் வீரச் செயல்களையும் அப்படியே ஏற்பது வரலாற்று முறைக்கு ஒவ்வாது. எனினும் அவர் விவரிக்கும் ஊரின் நிலை கருதத்தக்கது. கதிரவன் மறைந்தவுடன் தெருக்கள் வெறிச்சோடுகின்றன. கதவுகள் உள்ளிருந்து முட்டுக்கொடுத்து அடைக்கப்படுகின்றன. இயற்கைக் கடனுக்குக்கூட எவரும் வெளிவருவதில்லை. அடைபட்டதால் வீடும் தெருவும் அழுக்கடைகின்றன. பின்னர்ச் சிறுத்தை, வலுவற்ற சுவரையும் கூரையையும் கடந்து வீடுகளுக்குள்ளேயே நுழையத் தொடங்குகிறது.

இவ்விவரிப்பில் ஆண்டர்சன் வலியுறுத்தாத ஒன்றை இன்றைய வாசிப்பு வலியுறுத்த வேண்டும். இங்கே முறை வைத்து எவரும் அனுப்பப்படவில்லை. ஆனால் யார் இறப்பது என்பது தற்செயலாகவும் அமையவில்லை. ஓட்டுவீட்டுக்கும் ஓலைக்குடிசைக்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகிறது. மாடு மேய்ப்பவரும், விறகு பொறுக்குபவரும், வழிநடந்து கூலிக்குச் செல்பவரும் ஊரடங்கிய பின்னும் வெளியே போயாக வேண்டியவர்கள். ஏகசக்கரத்தில் வெளிப்படையாக இருந்த முறை இங்கே வறுமையின் வடிவில் மறைந்து செயல்படுகிறது. பொருள் இல்லாததால் மாற்றாளை வாங்க முடியாத அந்தணரின் புலம்பலும், கூரை மெலிந்த குடிசைக்காரரின் நிலையும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன.

மீட்பவர் இங்கும் வெளியாளே. துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர் நகரத்திலிருந்து வருகிறார், விலங்கைக் கொல்கிறார், திரும்பிவிடுகிறார். வீமனுக்கும் வேட்டைக்காரருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. வீமன் தன் பெயரை மறைத்தான். வேட்டைக்காரர் தம் பெயரில் நூல் எழுதினார். ஊரார் பெயரற்றோராயினர்.

கண்ணுக்குத் தெரியாத முற்றுகை

விலங்கின் முற்றுகையைவிட அடிக்கடி நிகழ்ந்தது கொள்ளைநோயின் முற்றுகை. அம்மையும் வாந்திபேதியும் வந்த காலங்களில் ஊர் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலிலும் நகரின் பிற மாரியம்மன் கோயில்களிலும் ஆடித் திங்களில் விழா எடுக்கப்படுகிறது. காப்புக் கட்டிய பின் ஊரார் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்னும் வழக்கம் இவ்வட்டாரத்திலும் கொங்கு நாட்டிலும் அறியப்பட்டதே. எல்லையை வகுத்து, உள்ளே இருப்பவரை ஒன்றுசேர்த்து, குறித்த நாள்வரை அடைபட்டிருக்கச் செய்யும் இச்சடங்கு, நோய்க்கால நினைவைத் திருவிழாவாகப் பேணுகிறது என்று கொள்ள இடமுண்டு.

இந்த அடைப்பிலும் வெளியே செல்லக் கடமைப்பட்டவர்கள் இருந்தனர். பிணத்தை எடுப்பவர், பறையறிந்து சாவை அறிவிப்பவர், துணி வெளுப்பவர், கழிவகற்றுபவர் ஆகியோரின் பணி நோய்க்காலத்தில் நின்றுவிடவில்லை, பெருகியது. சாதியே இங்கு முறையாக இருந்தது. அம்முறை வீட்டுக்கு வீடு சுழலவில்லை, சில வீடுகளிலேயே தங்கிவிட்டது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, மற்றவர் வீட்டுக்குள் இருக்கத் தூய்மைப் பணியாளர் தெருவில் இருந்ததும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

சேலத்தில் உருவான அரக்க விலங்குப் படம்: 'காடு' (1952)

திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்ற டி.ஆர். சுந்தரம் (1907–1963) 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஏற்காடு சாலையில் அமைந்த இந்நிலையத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவை இந்நிறுவனத்தின் படைப்புகள். இவ்வரிசையில் ஆய்வாளர் மிகுதியும் கவனிக்காத ஒன்று, அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு இணைந்து எடுக்கப்பட்டு 1952இல் 'தி ஜங்கிள்' என்று ஆங்கிலத்திலும் 'காடு' என்று தமிழிலும் வெளிவந்த படம்.

வில்லியம் பெர்க் இதனை இயக்கினார். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய அமெரிக்க நடிகர்களோடு எம்.என். நம்பியார் முதலியோர் நடித்தனர். ஒளிப்பதிவு, ஆஸ்கர் விருது பெற்ற கிளைட் டி வின்னா. மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' (1950) படத்தைச் சுந்தரத்தோடு இணைந்து இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனும் இதன் தயாரிப்பில் ஈடுபட்டிருந்தார்.

காட்டு யானைகள் காரணம் தெரியாமல் மிரண்டு ஓடி ஊர்களை அழிக்கின்றன என்பது கதையின் தொடக்கம். மயிரடர்ந்த மாமத யானைகள், அதாவது பனியூழிக் காலத்தில் வாழ்ந்து மறைந்த பேரியானைகள், இன்னும் உயிரோடு இருப்பதே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெரியவருகிறது. இளவரசி ஒருத்தியும் அமெரிக்க வேட்டைக்காரர் ஒருவரும் உள்ளிட்ட குழு காட்டுக்குள் செல்கிறது. உயிருள்ள யானைகளுக்கே சடைமயிர்ப் போர்வை போர்த்தி மாமத யானைகளாகக் காட்டினர். இன்றைய பார்வையாளருக்கு இது நகைப்பை விளைவிக்கலாம். ஆனால் குறைந்த செலவில் படம் எடுக்கும் அமெரிக்க நிறுவனமும், நிலையமும் யானைகளும் காடும் கைக்கெட்டும் தொலைவில் கொண்ட சேலத்து நிறுவனமும் கூடியபோது இயல்பாக அமைந்த தீர்வு அது.

முற்றுகைக் கதையின் வரலாற்றில் 'காடு' படத்தின் இடம் அதன் தந்திரக் காட்சிகளால் அமைவதன்று. அது எதனை விட்டுவிட்டது என்பதால் அமைவது. அச்சத்தின் தொடர் இப்படத்தில் நுட்பமானது: மாமத யானைக்கு யானை அஞ்சுகிறது, யானைக்கு ஊர் அஞ்சுகிறது. ஊரை நேரடியாக அழிப்பது அரக்க விலங்கு அன்று, அதற்கு அஞ்சி ஓடும் விலங்கு. ஆனால் அடைபட்ட ஊரின் உள்வாழ்க்கையைப் படம் பின்தொடரவில்லை. கதை உடனே காட்டுக்குள் செல்லும் குழுவைப் பற்றிக்கொள்கிறது. 'யாரை அனுப்புவது?' என்னும் ஊரின் கேள்வி, 'யார் தலைமையேற்பது?' என்னும் வேட்டைக் குழுவின் கேள்வியாக மாறிவிடுகிறது. ஆண்டர்சனின் நூல் வெளிவருவதற்கு இரண்டாண்டு முன்னரே, வேட்டைக்காரரை மீட்பராகக் காணும் அதே காலனியப் பார்வை சேலத்து நிலையத்திலிருந்து திரையேறியது. இந்தியா விடுதலை பெற்று ஐந்தாண்டுகள் கழிந்த பின்னும் உலகச் சந்தைக்கு வேண்டிய இந்தியா காடாகவே இருந்தது.

கூத்தில் பகாசுரன் வதம் நிகழ்ந்த அதே வட்டாரத்தின் நிலையம் அரக்க விலங்குப் படத்தில் பங்கேற்றபோது, ஊர் தெருவில் கூடி நின்று உணர்ந்த அச்சம் படத்திற்குள் இடம்பெறவில்லை. இது ஒரு நிறுவனத்தின் குறையன்று. கதையை வகுத்தது வெளிநாட்டுச் சந்தை என்பதன் விளைவு.

பேய்ப்படமும் முற்றுகைப்படமும்

'காடு' படத்திற்குப் பின் தமிழ்த் திகில் படம் வேறு வழியில் சென்றது. 'யார் நீ?' (1966) முதல் 'சந்திரமுகி' (2005), 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) வரையிலான பெருவழக்கில் அச்சத்தின் இடம் ஒரு வீடு. அச்சத்தின் காரணம் ஒரு வழக்கு. பேய்க்குப் பெயரும் கடந்தகாலமும் உண்டு. பெரும்பாலும் அது அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் ஆவி. வழக்கு கேட்கப்பட்டு, தவறிழைத்தவர் தண்டிக்கப்பட்டவுடன் பேய் அமைதியுறுகிறது. இவ்வமைப்பில் திகில் படம் ஒருவகை நீதிமன்றமாகச் செயல்படுகிறது.

முற்றுகைப்படத்தில் இதற்கு இடமில்லை. முற்றுகையிடும் உயிர்களுக்கு வழக்கு இல்லை. அவற்றோடு பேச முடியாது, நீதி வழங்கி அனுப்பிவைக்கவும் முடியாது. ஆகவே விசாரணை உள்ளே இருப்பவர்மீது திரும்புகிறது. பேய்ப்படம் 'இறந்தவருக்கு நாம் செய்தது என்ன?' என்று கேட்கிறது. முற்றுகைப்படம் 'உயிரோடு இருப்பவருக்கு நாம் செய்யப்போவது என்ன?' என்று கேட்கிறது. தமிழ்த் திரையில் முதல் கேள்வி மிகுதியாகக் கேட்கப்பட்டது. இரண்டாவது நெடுங்காலம் அருகியே இருந்தது.

'மிருதன்' (2016): ஊரே முற்றுகையாகும்போது

2016 பிப்ரவரி 19 அன்று வெளிவந்த 'மிருதன்', தமிழின் முதல் சாம்பிப் படம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய இப்படத்தில் ஜெயம் ரவி போக்குவரத்துக் காவலராகவும் லட்சுமி மேனன் மருத்துவராகவும் நடித்தனர். களம் உதகமண்டலம். வேதிக்கழிவை உட்கொண்ட நாய் ஒருவரைக் கடிக்க, அவரிடமிருந்து பிறர்க்கு நோய் பரவுகிறது. கடிபட்டோர் தன்னறிவு இழந்து மற்றவரைத் தாக்குகின்றனர். தப்பியோர் சிலர் அடைபட்டும் போராடியும், நோய்க்கு மாற்று காணக் கோயம்புத்தூர் செல்கின்றனர்.

அமெரிக்கப் படங்களின் செல்வாக்கு இதில் வெளிப்படை. எனினும் இதன் நோய்க்கூறுகள் இம்மண்ணுக்கு உரியவை. நாய்க்கடியால் பரவும் இந்நோய்க்கு ஆளானவர் தண்ணீரைக் கண்டு அஞ்சுகின்றனர். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறியாக மக்கள் நெடுங்காலமாக அறிந்த நீரச்சமே இது. வெறிநாய்க்கடிக்கு மருந்து வழங்கும் பொருட்டு 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம், படத்தின் களமான நீலகிரி மாவட்டத்தின் குன்னூரிலேயே அமைந்துள்ளது. படம் இதனை நினைத்து அமைத்ததா என்பதைவிட, நோய்க்கு மருந்து கண்ட மலையையே நோய் பிறக்கும் இடமாகக் கற்பனை செய்தது என்பது குறிப்பிடத்தக்கது. கழிவை மலையில் விட்டவரால் நோய் பிறக்கிறது. கொல்லிப்பாவையின் மலைபோல இம்மலை தானாக அணங்குடையதாக இல்லை, மனிதரால் நஞ்சாக்கப்பட்டது.

முந்தைய கதைகளிலிருந்து 'மிருதன்' இரண்டு வகையில் விலகுகிறது. பகனும் சிறுத்தையும் மாமத யானையும் ஊருக்குப் புறம்பானவை. 'மிருதன்' படத்தில் முற்றுகையிடுவோர் நேற்றுவரை அதே ஊரில் வாழ்ந்தவர்கள். மிருகம், மனிதன் என்னும் இரு சொற்களையும் நினைவூட்டும் தலைப்பே இதனை உணர்த்துகிறது. அடுத்ததாக, மீட்பவர் வெளியாள் அல்லர். அவர் வீமனைப்போல் மறைந்து வாழும் அரசகுமாரரும் அல்லர், வேட்டைக்காரரைப்போல் நகரத்திலிருந்து வரும் துரையும் அல்லர். சாலைச் சந்தியில் நிற்கும், அரசின் அடுக்கில் கீழ்ப்படியில் உள்ள ஒருவர். அவர் மீண்டு திரும்புவதும் இல்லை. அவரே நோய்க்கு ஆளாகிறார். அனுப்பப்பட்ட ஆள் அரக்கனை வென்று திரும்பும் பகன் கதையின் முடிவு இங்கே தலைகீழாகிறது. ஊரைக் காத்தவரிடமிருந்தே ஊரைக் காக்க வேண்டியதாகிறது.

படத்தின் வரம்பையும் குறிப்பிட வேண்டும். காதலும் தங்கைப் பாசமும் கதையை முன்னெடுப்பதால், அடைபட்டோரிடையே எழக்கூடிய பூசலும் பேரமும் விரிவாக வளரவில்லை. பகன் கதையில் அந்தணர் குடும்பம் நடத்திய வாதத்திற்கு இணையான ஒரு காட்சி 'மிருதன்' படத்தில் இல்லை. தமிழ்த் திரையில் நாயகன் முன்வந்துவிடுவதால் 'யாரை அனுப்புவது?' என்று ஊர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய தேவை எழுவதில்லை. இது இப்படத்திற்கு மட்டும் உரிய வரம்பன்று, நாயகனை மையமாகக் கொண்ட திரைமரபு முழுவதற்கும் உரியது. 'தி மிஸ்ட்' படத்தின் அங்காடியில் நிகழ்வதைப் போன்ற கூட்டத்தின் சரிவு தமிழில் அரிதாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு.

அடைபட்ட ஊர் என்னும் கதைக்கரு தமிழுக்குத் திரைப்படத்தின் வழியாக வந்ததன்று. பகன் கதையும் அதன் கூத்து வடிவமும், ஆட்கொல்லி விலங்குகளின் காலத்து அனுபவமும், நோய்க்காலச் சடங்குகளும் அதற்கு முன்னோடிகள்.

இக்கதைகளில் அரக்கனின் உருவம் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. ஏகசக்கரத்தில் வீட்டு முறையும், கும்ளாபுரத்தில் வறுமையும், கொள்ளைநோயில் சாதியும் அனுப்பப்படும் ஆளைத் தீர்மானித்தன. 'காடு' படம் இக்கேள்வியை வேட்டைக்காரரிடம் ஒப்படைத்து ஊரை விடுவித்தது. 'மிருதன்' அதனை ஊருக்குள் திரும்பக் கொணர்ந்தது. ஆனால் நாயகனின் தியாகத்தால் ஊரின் பொறுப்பை மீண்டும் தள்ளிவைத்தது.

பொருளுடையவர் மாற்றாளை வாங்க இயலும் என்பதை மிகத் தெளிவாகக் கூறியது இவற்றுள் காலத்தால் முந்தைய கதையே. தொழில்நுட்பத்தில் முன்னேறிய திரைவடிவம் இந்தச் சமூகத் தெளிவை இன்னும் எட்டவில்லை. தமிழில் இனி எழவேண்டிய முற்றுகைப்படம் புதிய அரக்கனைத் தேட வேண்டியதில்லை. அடைபட்ட ஊரில் யார் வீட்டுக் கூரை மெலிந்தது, யார் வேலை நிறுத்த முடியாதது என்பதைக் காட்டினால் போதும்.

மாடர்ன் தியேட்டர்ஸ் நிலையம் இன்று இல்லை. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டுமே எஞ்சியுள்ளது. அந்நிலையத்தின் வரலாறு பெரும்பாலும் பெருவெற்றிப் படங்களையும் அங்கே பணியாற்றிய பெருமக்களையும் கொண்டே எழுதப்படுகிறது. 'காடு' போன்ற படங்களை வட்டாரத்தின் கூத்து, வாய்மொழி, நோய், காடு ஆகியவற்றின் வரலாற்றோடு இணைத்துப் படித்தால், சேலத்தின் திரை வரலாறு அதன் மக்களின் அச்ச வரலாறாகவும் விரியும். பகாசுரன் வதத்தைக் கண்டு, திரையரங்கிலும் அமர்ந்த முதியோரின் நினைவுகளைத் தொகுப்பது இவ்வகையில் விரைந்து செய்யப்படவேண்டிய களப்பணி.